இரவல் பிளாட்டினம்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று எந்தப் புண்ணியவான் சொல்லி வைத்தாரோ, அவர் ஆய்வுக்கூடம் எதையும் எட்டிப் பார்த்தவர் இல்லை. அங்கே யார் உடைத்தாலும் கண்ணாடி கண்ணாடிதான், திட்டு திட்டுதான். ஆனாலும் இந்தக் கதை ஓர் உடைப்பில்தான் தொடங்குகிறது, உடைத்தவளும் மருமகள்தான். அதனால் பழமொழியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

மாமியாருக்கு வேலை, தண்ணீரைப் பிரிப்பது. தண்ணீரில் துளி அமிலம் விட்டு, இரண்டு முனைகளை எதிரும் புதிருமாக இறக்கி மின்சாரம் கொடுத்தால், ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் ஆக்ஸிஜனும் குமிழி குமிழியாகக் கிளம்பும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தெரியாத சங்கதி என்னவென்றால், தண்ணீர் லேசில் பிரியாது. ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஜோடி அது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். கல்யாணத் தரகர் சேர்த்து வைப்பார், இந்தத் தரகர் பிரித்து வைப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். வினையூக்கி என்று அதற்குப் பெயர். ஹைட்ரஜனைக் கிளப்பும் தொழிலில் பிளாட்டினத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. கொஞ்சம் மின்சாரத்திலேயே காரியத்தை முடித்துவிடும். ஆனால் அதன் விலைக்கு நகைக்கடைக்காரர்களே பெருமூச்சு விடுவார்கள். மலிவான உலோகம் ஒன்றைப் பிளாட்டினம் மாதிரி வேலை செய்ய வைக்க வேண்டும் என்பதற்காகவே மாமியார் தலை நரைத்தவர். கோபால்ட்டையும் மாலிப்டினத்தையும் கலந்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு வெட்டிய கார்பன் துணி வில்லையில் பூசி, அதை அமிலத்தில் இறக்கி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். குமிழி வரும். ஆனால் பிளாட்டினம் மாதிரி வராது. மறுபடி பூசுவார்.

மருமகள் அந்த ஆய்வுக்கூடத்துக்கு முதலில் உதவி ஆய்வாளராகத்தான் வந்தாள். மாமியாருக்கு ஒரே மகன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அம்மா வீட்டில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வந்தவனை வாசலில் நிறுத்தி, "மேடம் அமிலத்துல வேலையா இருக்காங்க, வெயிட் பண்ணுங்க" என்றாள் இவள். அதன்பிறகு அந்தக் கண்ணாடி வாரத்தில் பாதி நாள் வீட்டிலேயே தங்கிவிட ஆரம்பித்தது. அம்மா மறந்தாரா, மகன் ஒளித்து வைத்தானா என்பது இன்றுவரை தீராத வழக்கு. கல்யாணம் மட்டும் நடந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே மாமியார் ஒரு சட்டம் போட்டார். "இங்க நான் மேடம். வீட்டுல நான் அத்தை. ரெண்டையும் கலந்தா வெடிச்சிடும்." கண்ணாடிக்காரன் தன் பங்குக்கு இன்னொரு சட்டம் போட்டான். "சாப்பாட்டு மேஜையில லேப் பேச்சு கூடாது. நீங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா என் வீட்டுலயே நான் விருந்தாளி மாதிரி இருக்கேன்." இரண்டு சட்டங்களும் அமலுக்கு வந்தன. மருமகள் பஸ்ஸில் இருந்து தெருமுனையில் இறங்கும்போது மேடத்தை மூட்டை கட்டிவிட்டு அத்தையை எடுத்துக்கொள்வாள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குக் கூத்தாக இருக்கும். இவர்கள் இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

உடைப்பு நடந்தது அந்த முதல் வாரத்தில். வில்லைக்கு எதிரே, ஆக்ஸிஜன் கிளம்பும் பக்கம், மாமியார் எப்போதும் ஒரு கார்பன் குச்சியைத்தான் வைப்பார். மருமகளின் முழங்கை பட்டு அது தரையில் விழுந்து மூன்று துண்டானது. புது மருமகள், அதுவும் எல்லார் முன்னாலும். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கையில ஏதும் பட்டுச்சா?" என்று கேட்டார் மாமியார்.

"இல்ல மேடம்."

"அப்ப விடு. மண்குடம்தான்."

சொல்லிவிட்டு இழுப்பறையிலிருந்து சுருட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினக் கம்பியை எடுத்து எதிரே மாட்டினார். "புதுக் குச்சி வர்ற வரைக்கும் இது ஓட்டட்டும்." மண்குடம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே மருமகளுக்கு மாமியாரைப் பிடித்துப்போனது. முன்பு மரியாதை இருந்தது, இப்போது பிரியமும் வந்து சேர்ந்தது.

புதுக் குச்சி வந்தது. ஆனால் யாரும் பெட்டியைப் பிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் வில்லை ஓட ஆரம்பித்திருந்தது. சாதாரணமாக இந்த மாதிரி வில்லைகள் முதல் நாள் துள்ளும், மறுநாள் சோரும், மூன்றாம் நாள் படுத்துவிடும். இதுவோ நாளாக ஆக மெருகேறியது. அதே அளவு குமிழிக்கு நேற்றைவிட இன்று குறைந்த மின்னழுத்தம் போதும் என்றது மீட்டர். அடுத்த வில்லையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. "மேடத்தோட கைராசி" என்றார்கள் பக்கத்து மேசைக்காரர்கள். ஓடுகிற வண்டியை நிறுத்தி யாராவது சக்கரத்தை மாற்றுவார்களா? குச்சி அலமாரியின் மேல் தூசி வாங்கிக்கொண்டு கிடந்தது.

மாமியாருக்கு அந்த மாதக் கடைசியோடு ஓய்வு. இயக்குநர் கூப்பிட்டு, நிபுணர் குழுவுக்கு ஓர் அறிக்கை அனுப்பச் சொல்லி, குழு வந்து வில்லையைப் பார்த்துத் திருப்திப்பட்டால் திட்டமும் நீளும், மேடமும் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம் என்றார். அன்று மாலை மாமியார் நேரே செருப்புக் கடைக்குப் போய்க் கெட்டியான தோல் செருப்பு ஒன்று வாங்கினார். கடைக்காரரிடம், "ரெண்டு வருஷம் உழைக்குமா?" என்று மூன்று தடவை கேட்டார். கூட நின்ற மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை ஆசையாக மாமியார் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

குழு வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமியார், "புதுசா ஒரு வில்லையைப் போட்டு ஓட விடும்மா. அது முன்னேறுறதை அவங்க கண்ணால பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனார். மருமகள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். முதலில் மந்தமாக இருந்தது, பிறகு சூடு பிடித்தது, மறுநாள் மதியத்துக்குள் ஜோராகக் குமிழி விட்டது. எந்தத் தடவை பூசிய வில்லை என்று எழுதி வைக்கப் பெட்டியைத் திருப்பினாள். பூசிய வில்லைகள் இருக்கும் பெட்டி, ஒட்டிய டேப் கூடப் பிரியாமல் இருந்தது.

அவள் எடுத்தது பக்கத்துப் பெட்டியிலிருந்து. வெட்டி மட்டும் வைத்திருந்த வெறும் கார்பன் துணி. இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம். கோபால்ட்டும் இல்லை, மாலிப்டினமும் இல்லை. பூச்சே இல்லாத துணி எப்படிக் குமிழி விடும்? மணமகன் வராமலே தாலி கட்டிய மாதிரி இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண் மெல்ல எதிர்ப்பக்கம் போனது. பளபளவென்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது பிளாட்டினக் கம்பி.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. மின்சாரம் ஓட ஓட, கம்பியிலிருந்து பிளாட்டினம் கண்ணுக்குத் தெரியாத அளவு கரைந்து, அமிலம் வழியாக நடந்து, எதிர் வில்லையில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் தினமும் மெருகு. இத்தனை நாளாக ஹைட்ரஜனைக் கிளப்பியது மாமியாரின் மலிவு உலோகம் இல்லை. அது இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் வளைய வந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், அலமாரி மேலிருந்த குச்சிப் பெட்டியை இறக்கி, தூசி தட்டிப் பிரித்து, குச்சியைப் புது அமிலத்தில் நிறுத்தி, எதிரே நிஜமாகவே பூசிய வில்லை ஒன்றை இறக்கினாள். நாலு குமிழி வந்தது. அதுவும் வேண்டா வெறுப்பாக வந்தது.

சொன்னால் மாமியாரின் இரண்டு வருஷம் போகும். சொல்லாமல் விட்டால், நாளைக்கு வேறொருவர் கண்டுபிடிப்பார், அன்றைக்கு மாமியாரின் பெயரே போகும். இதில் யோசிக்க ஒன்றுமில்லைதான். ஆனால் வாய் வரவேண்டுமே! எல்லாவற்றுக்கும் மூலம் அவள் முழங்கை. அன்றைக்கு அந்தக் குச்சியை உடைக்காமல் இருந்திருந்தால் கம்பியே வந்திருக்காது.

"மேடம்" என்று ஆரம்பித்தாள், அன்றும் இயக்குநரைப் பார்த்துவிட்டு மாமியார் வந்ததும்.

"இரும்மா, நாளைக்குப் பேசப்போறதைச் சொல்லிப் பார்க்கிறேன், கேளு" என்று மாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். மலிவான உலோகங்களாலும் முடியும் என்று தாம் நம்பிய கதையை அவர் சொன்ன அழகில், மருமகள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். ஆட்டிய தலையை அவளுக்கே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாலையில் இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வீட்டுக்குப் போய்விட்டால் மேஜைச் சட்டம் வந்துவிடும். இங்கேயே சொல்லியாக வேண்டும். ஆனால் எப்படிக் கூப்பிடுவது? மேடம் என்றால் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும். அத்தை என்றால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை.

கடைசியில் கூப்பிடாமலே சொன்னாள். "பூச்சு இல்லாத வில்லையும் ஓடுது."

மாமியார் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, நின்றது, இவர்கள் ஏறாததால் முனகிக்கொண்டு போனது.

"எதிர்ல கம்பிதானே?" என்றார் மாமியார்.

"ஆமா."

"குச்சி போட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"படுத்துடுச்சா?"

"ம்."

மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தார். மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதே தப்புக்கு எத்தனை பசங்களை லேபுக்கு வெளியே நிக்க வெச்சிருக்கேன் தெரியுமா?" என்றார் மாமியார். "எதிர்ல பிளாட்டினத்தைத் தொங்கவிட்டுட்டு இங்க அதிசயம் நடக்குதுன்னு குதிக்காதீங்கடான்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா?"

"தெரியும்னும் சொல்ல மாட்டேன், தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் பார்க்கலை. பார்க்கப் பிடிக்கலை." கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். "ரெண்டு வருஷத்துக்கு ஆசைப்பட்டேன்மா. பேர் வாங்கவா? அதெல்லாம் இல்லை. எனக்கு வீட்டுல முழுநேர மாமியாரா இருக்கத் தெரியாது. எங்க மாமியாரும் நானும் ஒரே வீட்டுல வருஷக்கணக்கா இருந்தோம். கெட்டவங்க இல்ல, நானும் கெட்டவ இல்ல. ஆனா அடுப்பைப் பத்தித் தவிர வேற ஒண்ணும் பேசினதில்லை. உனக்கும் எனக்கும் நடுவுல இந்தத் தண்ணி இருக்கு, பேசிக்கிறோம். இது நின்னு போச்சுன்னா, நீ கதவைத் திறந்துட்டு வருவே, நான் சாப்பிட்டியான்னு கேட்பேன், நீ ம்னு சொல்லுவே. அவ்வளவுதானே?"

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "குச்சியை உடைச்சது நான்."

"உடைச்சது நீ, மாட்டினது நான், பெட்டியைப் பிரிக்காம விட்டது நாம ரெண்டு பேரும்." மாமியார் அவள் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் ஆட்டினார். "அன்னைக்கே சொன்னேனே, மண்குடம்னு. எழுந்திரு. போய் நாளைக்கு வேண்டியதை எடுத்து வைப்போம்."

மறுநாள் நிபுணர் குழு வந்தபோது மேசையில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்றில் பூசிய வில்லையும் கார்பன் குச்சியும், சோம்பலாக. இன்னொன்றில் வெறும் துணியும் பிளாட்டினக் கம்பியும், அமர்க்களமாக. மாமியார் மென்று விழுங்கவில்லை. "நான் உங்களுக்கு அனுப்பின அறிக்கை தப்பு. சாயம் வெளுத்துப்போச்சு. எப்படி வெளுத்ததுன்னு காட்டுறேன், வேற யாரும் இதுல விழக்கூடாது" என்று தொடங்கினார். கண்டுபிடித்தது யார் என்று மருமகளின் தோளைத் தொட்டுக் காட்டினார். குழுத் தலைவர் எழுந்து நின்று மாமியாரின் கையைக் குலுக்கினார். மரியாதை நிஜமானதுதான். ஆனால் நீட்டிப்பு வரவில்லை. வேலையைத் தொடர மேசையை மட்டும் மருமகளிடம் விட்டுவைத்தார்கள்.

மாதக் கடைசியில் மாமியார் கெட்டியான புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். அந்தச் செருப்புக்கு அதன்பிறகு கடைத்தெருவைத் தவிர வேறு வேலை கிடைக்கவில்லை.

அவர் பயந்தது அப்படியே நடக்க ஆரம்பித்தது. வீட்டில் சும்மா இருக்க முடியாத மாமியார் சமையலறை டப்பாக்களை எல்லாம் ரசாயனப் புட்டிகள் மாதிரி எழுத்து வரிசையில் அடுக்கிவிட்டார். மருமகளுக்குச் சர்க்கரை அகப்படவில்லை. "எங்க வெச்சீங்க அத்தை?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "எழுதித்தானே ஒட்டியிருக்கு" என்று மாமியாரும் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு சாதாரணங்களும் சேர்ந்து காப்பியைக் கசக்க வைத்துவிட்டன. அதன்பிறகு கதவு திறந்தால், "சாப்பிட்டியா?" பதிலுக்கு ஒரு "ம்". கண்ணாடிக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து சாப்பிட்டான். மேஜையில் அவன் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. கிடைத்தபிறகு அவனுக்கே அது தொண்டையில் இறங்கவில்லை.

லேபில் மருமகள் கோபால்ட்டோடு தனியாக மல்லுக்கு நின்றாள். எதிரே திரும்பித் திரும்பிப் பார்த்து, குச்சிதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வாள். ஒரு நாள் பூச்சில் இரும்பைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்ததில், வரைபடத்தின் கோடு நடுவில் ஓர் இடத்தில் விசித்திரமாக வளைந்தது. நல்லதா கெட்டதா புரியவில்லை. "மேடம்" என்று பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் காலி நாற்காலிதான் இருந்தது.

அன்று இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், பாத்திரங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பையிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்து மாமியாரின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

மாமியார் கையை எடுத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். சட்டம் போட்டவன் அவன்தானே. "மேஜையிலயா? வேண்டாம்மா, அவன் கத்துவான்."

கண்ணாடிக்காரன் கரண்டியை வைத்தான். எழுந்து உள்ளே போனான். இரண்டு பேரும் காகிதத்தைப் பார்ப்பதா, அவன் போன கதவைப் பார்ப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள். திரும்பி வந்தவன் கையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்து, அம்மாவிடம் நீட்டிவிட்டு, உட்கார்ந்து கரண்டியை எடுத்தான்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காகிதத்தை விளக்குக்குக் கீழே இழுத்தார். கோட்டை விரலால் தடவிக்கொண்டு போய், வளைந்த இடத்தில் நிறுத்தினார்.

"எதிர்ல என்ன போட்டிருக்கே?"

"கார்பன் குச்சிதான், அத்தை."

மாமியார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். லேபில் பசங்களை நடுங்க வைத்த அதே பார்வை. உதடு மட்டும் அதற்கு ஒத்துழைக்காமல் துடித்தது.

"அத்தையா? வேலை நேரத்துல என்ன அத்தை?"

மருமகள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க, மேடம்" என்றாள்.